புதையல் கிடைக்காத தோட்டம்

கொலம்பஸிலிருந்து பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் வீலிங்கைக் கடந்துதான் போகிறோம். ஐ-70 நெடுஞ்சாலை ஓஹையோ ஆற்றைத் தாண்டியதும் ஒரு சுரங்கப்பாதை வரும். அதன்பின் கால்மணி நேரம் மேற்கு வர்ஜீனியா, பிறகு பென்சில்வேனியா. 2000 ஆகஸ்டில் முதுகலை படிக்க இங்கே வந்த நான், முதல் செமஸ்டரிலேயே மூன்று நண்பர்களோடு ஒரு பழைய காரில் அந்தக் கோயிலுக்குப் போனேன். பக்தி கொஞ்சம், புளியோதரை மிச்சம். வழியில் வீலிங்கில் பெட்ரோல் போட்டோம்.

அன்றைக்கு அந்த ஊரில் தொண்ணூற்றொரு வயது முதியவர் ஒருவர் இருந்தார். 'மீரா'வில் எம்.எஸ். சுப்புலட்சுமியை இயக்கியவர், எம்.ஜி.ஆரை முதன்முதலில் திரையில் காட்டியவர். பெயர் எல்லிஸ் ஆர். டங்கன். 2001 டிசம்பர் 1 அன்று வீலிங்கிலேயே இறந்தார். அதற்குள் நான் இரண்டோ மூன்றோ முறை அந்த ஊரைக் கடந்திருப்பேன். அவர் அங்கேதான் இருந்தார் என்பதே, கரண் பாலி 2013இல் எடுத்த 'ஆன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்' என்ற ஆவணப்படத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கதவைத் தட்டியிருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று யோசிப்பதுண்டு. இருபத்துமூன்று வயதில் ஒன்றும் கேட்டிருக்க மாட்டேன். அது வேறு விஷயம்.

டங்கனின் படங்களை வரிசையாகப் பார்க்கத் தொடங்கியது என் யோசனையல்ல. கொரோனா குளிர்காலத்தில் நானும் ஒரு நண்பரும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். மாதம் இரண்டு சனிக்கிழமை, என் வீட்டு நிலவறையில் புரொஜெக்டர், யாரும் இப்போது பேசாத ஒரு பழைய படம். நண்பர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இலங்கை மலையகம், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். முதல் வருடம் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பார்த்தோம். சில நன்றாக இருந்தன. பல படங்கள் மறக்கப்பட்டதில் நியாயம் இருந்தது.

டங்கன் பெயர் வந்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "அப்ப 'சதி லீலாவதி' பார்க்கலாமா?"

இல்லை, பார்க்க முடியாது. அதன் பிரதி எதுவும் எஞ்சவில்லை.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அவருடைய அப்பாயி அடிக்கடி சொல்வாராம், நம்ம தோட்டத்துக் கதை ஒரு காலத்தில் படமா வந்துச்சு, பெரிய வீட்டுப் பிள்ளை ஒருத்தன் நம்மளோட கூலியா வந்து கொழுந்துக்காட்டில வேலை செஞ்சான் என்று. அப்பாயி படத்தைப் பார்த்ததில்லை. பார்த்தவர் அவருடைய அண்ணன். அந்தப் பெரியவர் 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, கோத்தகிரியில் குடியேறி அங்கேயே இறந்துபோனார். ஆக அந்தக் குடும்பத்தில் படத்தைப் பார்த்த ஒரே மனிதரும் இல்லை, படமும் இல்லை.

'சதி லீலாவதி' 1936இல் வந்தது. எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை. கோவையைச் சேர்ந்த மருதாசலம் செட்டியார் தயாரித்தார். கதாநாயகன் எம்.கே. ராதா. எம்.ஜி.ஆர்., டி.எஸ். பாலையா இருவருக்கும் இதுதான் முதல் படம், என்.எஸ். கிருஷ்ணனும் நடித்திருந்தார். தமிழ் சினிமாவின் அடுத்த நாற்பது வருடத்தை ஒரே படத்தில் அறிமுகம் செய்துவிட்டார்கள் என்று சொன்னால் மிகையில்லை. எம்.ஜி.ஆருக்குச் சிறிய போலீஸ் இன்ஸ்பெக்டர் வேடம்.

கதை இதுதான். கிருஷ்ணமூர்த்தி வசதியான வீட்டுப் பிள்ளை. கெட்ட நண்பனால் குடிக்குப் பழகுகிறான். போதையில், தான் ஒரு கொலை செய்துவிட்டதாக நம்பி இலங்கைக்கு ஓடுகிறான். அங்கே தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். மனைவி லீலாவதி ஊரில் ராட்டை நூற்றுப் பிழைக்கிறாள். அவனுக்குத் தோட்டத்தில் ஒரு புதையல் கிடைக்கிறது, பணக்காரனாகிறான், ஊர் திரும்புகிறான், எல்லாம் சுபம்.

புதையல் என்றதும் அண்ணன் சிரித்த சிரிப்பு நிலவறைக்கு மேலே சமையலறை வரை கேட்டிருக்கும். "எங்க தாத்தா நாப்பது வருஷம் அந்த மண்ணை வெட்டினாரு தம்பி. ஒரு செம்புக்காசு கிடைக்கல."

இந்தக் கதையின் பூர்வீகம் இன்னும் வேடிக்கையானது. 'பதிபக்தி' என்ற நாடகத்தின் கதையும் இதுவும் ஒன்றுபோல இருப்பதாக வழக்கு வந்தது. இரண்டுமே எலன் வுட் எழுதிய 'டேன்ஸ்பரி ஹவுஸ்' என்ற ஆங்கில நாவலிலிருந்து வந்தவைதான் என்று வாசன் சாட்சி சொல்ல, பிரச்சினை தீர்ந்தது. 1860இல் ஸ்காட்லாந்தின் மதுவிலக்குப் பிரச்சாரத்துக்காக எழுதப்பட்ட நாவல் அது. அங்கிருந்து சென்னை வாரப் பத்திரிகைக்கும், கோவைத் தயாரிப்பாளருக்கும், கடைசியில் ஓஹையோ மாநிலத்தில் பிறந்த இருபத்தாறு வயதுப் பையனுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தப் பையன் சென்னைக்கு வந்ததே தற்செயல். டங்கன் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தபோது உடன் படித்தவர் மாணிக்லால் டாண்டன். சில மாதங்கள் இந்தியாவில் படமெடுக்கலாம் வாருங்கள் என்று அவர் அழைக்க, டங்கனும் மைக்கேல் ஓமலேவ் என்ற இன்னொரு நண்பரும் 1935இல் கப்பலேறினார்கள். கே.பி. சுந்தராம்பாள் நடித்த 'பக்த நந்தனார்' படத்தை டாண்டன் இயக்கியபோது டங்கன் கூட இருந்து உதவினார். 'சதி லீலாவதி'க்கு டாண்டனைக் கேட்டார்கள். அவருக்கு வேறு வேலை இருந்ததால் டங்கனைக் கைகாட்டிவிட்டார். சில மாதங்களுக்கென்று வந்தவர் பதினைந்து வருடம் தங்கினார். இந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. இதழின் வாசகர்களில் பாதிப் பேர் இப்படித்தான் வந்திருப்போம், இரண்டு வருடம் என்று சொல்லிவிட்டு.

ஒரு வித்தியாசம் உண்டு. டங்கன் தமிழ் கற்றுக்கொள்ளவே இல்லை. மொழிபெயர்ப்பு உதவியாளர்களை வைத்துக்கொண்டுதான் கடைசிவரை படமெடுத்தார். நாங்கள் பார்த்த ஒவ்வொரு படத்திலும் இது எங்கே தெரிகிறது என்று தேடினோம். நான் எதிர்பார்த்தது, வசனத்துக்கும் முகபாவத்துக்கும் பொருந்தாத இடங்கள். அப்படி அதிகம் அகப்படவில்லை. அகப்பட்டது வேறு. மொழி தெரியாத ஆள் ஒரு கல்யாண வீட்டில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வார்? பேச்சை விட்டுவிட்டு முகங்களைப் பார்ப்பார், கைகளைப் பார்ப்பார், யார் யாரிடம் நெருங்கி உட்காருகிறார்கள் என்று பார்ப்பார். டங்கனின் கேமரா அப்படித்தான் பார்க்கிறது.

'மீரா' (1945) நல்ல உதாரணம். திரைக்கதை வசனம் கல்கி. எல்லோரும் அதை ஒரு பாட்டுப் படமாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். பாட்டைக் கொஞ்சம் மறந்துவிட்டுப் பாருங்கள். ஒரே பாடலின் நடுவில் குழந்தை மீரா வளர்ந்து பெரியவளாகிறாள். குழந்தையாக ராதா, அதே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சுப்புலட்சுமி. பதினைந்து வருடம் கடந்துவிட்டதைச் சொல்ல ஒரு சொல்லும் செலவாகவில்லை. அப்புறம் அந்த முகம். படப்பிடிப்புக்கு முன்பே சுப்புலட்சுமியின் முகத்தைச் சிலையாகச் செய்துவைத்து, எந்தக் கோணத்திலிருந்து விளக்குப் போட்டால் எப்படித் தெரிகிறது என்று டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முக்கால் நூற்றாண்டு கழித்து, ஆயிரம் முறை நகலெடுத்துக் களைத்துப்போன ஒரு டிஜிட்டல் பிரதியில்கூட அந்த உழைப்பு தெரிகிறது. அண்ணன் கர்நாடக சங்கீதம் கேட்கிறவர் அல்ல. "இந்தம்மா பாடலைன்னாலும் பார்த்துக்கிட்டே இருக்கலாம் போல" என்றார்.

ஐந்து வருடம் முன்னால் வந்த 'சகுந்தலை'யில் எங்களுக்குக் கிடைத்தது சில பாடல் காட்சிகள் மட்டும். ஜி.என். பாலசுப்பிரமணியமும் சுப்புலட்சுமியும். ஜி.என்.பி. பாடும்போது மகா வித்வான், நடக்கும்போது நம்மில் ஒருவர். டங்கனுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. அதே 1940இல் 'காளமேகம்' என்று ஒரு படம் எடுத்தார், கதாநாயகன் நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை. பாட்டுக்காரரைக் கொண்டுவந்து ராஜாவாகவோ புலவராகவோ நிறுத்திவிட்டால் ஜனங்கள் வந்துவிடுவார்கள் என்ற கணக்கு சில சமயம் பலித்தது. 'காளமேகம்' விஷயத்தில் பலிக்கவில்லை.

எங்கள் வரிசையில் என்னை உட்காரவைத்த படம் 'பொன்முடி' (1950). பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக்கியது. பி.வி. நரசிம்ம பாரதியும் மாதுரி தேவியும் காதலர்கள். அவர்கள் நிற்கும் நெருக்கம் அந்தக் காலத்துக்குப் பெரிய அதிர்ச்சி. வெள்ளைக்காரன் வந்து தமிழ்ப் பண்பாட்டைக் கெடுக்கிறான் என்று கண்டனங்கள் வந்தன. மூலக் காவியத்தின் பெயரிலேயே முத்தம் இருப்பதும், அதை எழுதியவர் புதுச்சேரித் தமிழர் என்பதும் கண்டித்தவர்களுக்கு உறைக்கவில்லை. இன்றைக்குப் பார்த்தால் காட்சிகள் சாதுவானவை. ஆனால் உயிரோடு இருக்கின்றன. அதே காலத்தின் பல படங்களில் காதலர்கள் இரண்டு கம்பங்களைப் போல நின்று வசனம் சொல்வார்கள். இவர்களோ ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கிறார்கள். கேட்பதையும் ஒரு நடிப்பாக எடுத்திருக்கிறார் டங்கன்.

படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்த என் மகள் (இங்கே பிறந்தவள், தமிழ் புரியும், பாதி) அந்தப் படத்துக்கு மட்டும் 'என்ன சொல்றாங்க?' என்று கேட்காமல் இருந்தாள். அதைப் பெரிய ஆதாரமாகக் காட்டவில்லை. கைப்பேசியும் கையில்தான் இருந்தது.

அதே 1950இல் வந்த 'மந்திரி குமாரி'யோடு டங்கனின் தமிழ்ப் பயணம் முடிகிறது. குண்டலகேசிக் கதை. வசனம் மு. கருணாநிதி, கதாநாயகன் எம்.ஜி.ஆர். பாதியில் டங்கன் அமெரிக்கா திரும்பிவிட, தயாரிப்பாளர் டி.ஆர். சுந்தரமே மீதியை எடுத்து முடித்தார். மனைவியைக் கொல்ல மலையுச்சிக்குப் பாடிக்கொண்டே அழைத்துப்போகும் கணவனையும், சாவதற்கு முன் உங்களை மூன்று முறை வலம்வர வேண்டும் என்று கேட்டு அவனையே தள்ளிவிடும் மனைவியையும் யாரும் மறக்கவில்லை. நான் சொல்ல வருவது அந்தப் படத்தில் கேட்கும் மொழியைப் பற்றி. அடுக்குத்தொடர், எதிர்க்கேள்வி, நீதிமன்றத்தில் வாதாடுவது போன்ற பேச்சு. இரண்டு வருடத்தில் 'பராசக்தி' வரப்போகிறது. அதற்குப் பிறகு தமிழ் சினிமா காதால் பார்க்கப்படும் கலையாகிவிட்டது. வசனத்துக்குக் கைதட்டல், வசனத்துக்குத் தனிப் புத்தகம், வசனத்துக்கு இசைத்தட்டு.

டங்கன் தமிழின் பெரிய உரைநடைக்காரர்களோடுதான் வேலை செய்திருக்கிறார். 'அம்பிகாபதி'யில் (1937) இளங்கோவன், 'மீரா'வில் கல்கி, கடைசியில் கருணாநிதி. 'அம்பிகாபதி'க்காக இளங்கோவனிடம் 'ரோமியோ ஜூலியட்'டைப் படிக்கச் சொன்னவரே டங்கன்தான். ஒரு சொல்லும் புரியாத ஒருவர் இத்தனை சொற்களுக்கும் நடுவில் காட்சியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் போன பிறகு காப்பாற்ற ஆள் குறைந்துபோனது. இது அண்ணனுக்குச் சம்மதமில்லை. "நீங்க ஊர்ல இருந்து வந்தவரு, பேச்சு அலுத்துப்போச்சு. எங்களுக்கு அந்த வசனம்தான் தம்பி தெம்பு. லயத்து வாசல்ல உக்காந்து 'பராசக்தி' வசனத்தை மனப்பாடமா சொல்லுவாரு எங்கப்பா. துரைகிட்ட பேச முடியாததையெல்லாம் அப்படிப் பேசினாரு." நான் பதில் சொல்லவில்லை. இன்னும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

'பராசக்தி' பேச்சு அவரை மறுபடியும் 'சதி லீலாவதி'க்கே கொண்டுவந்தது. கடல்கடந்த தமிழன் என்றால் எல்லோருக்கும் 'பராசக்தி'யின் ரங்கூன்தான் நினைவுக்கு வருகிறது. அதற்குப் பதினாறு வருடம் முன்பே இலங்கைத் தோட்டக் கூலி திரைக்கு வந்துவிட்டான். அவன் வந்த காலத்தையும் சொல்ல வேண்டும். அப்போது லட்சக்கணக்கான தமிழர்கள் மண்டபம் முகாமில் அடைபட்டு, மருந்து தெளிக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறி, கங்காணியின் கணக்குப் புத்தகத்தில் கடனோடு மலையேறிக்கொண்டிருந்தார்கள். 1935இல் புதுமைப்பித்தன் 'துன்பக் கேணி'யை மணிக்கொடியில் எழுதினார். அதில் தோட்டம் ஒரு கிணறு, விழுந்தவர்கள் எழுவதில்லை. அடுத்த வருடம் வந்த படத்தில் அதே தோட்டம் ஒரு பணக்காரப் பிள்ளையின் பாவத்துக்குப் பிராயச்சித்தம். அவன் விழுகிறான், வருந்துகிறான், புதையலோடு எழுந்து போய்விடுகிறான். கூட வேலை செய்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் குடியுரிமையைத்தான் 1948இல் ஒரு சட்டம் பறித்தது. 1964இல் இரண்டு பிரதமர்கள் டெல்லியில் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பங்கு போட்டார்கள்.

இதையெல்லாம் நான் ஒரு நாள் கொஞ்சம் வேகமாகவே சொன்னேன், அப்படிப்பட்ட படம் தொலைந்ததில் பெரிய நஷ்டமில்லை என்ற தொனியில். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கதை எப்படியோ போகட்டும். பின்னாடி நிக்கிறவங்களைப் பார்க்கணும் தம்பி. கூடை எப்படிக் கட்டியிருக்காங்க, தலையில என்ன போட்டிருக்காங்க, பெரட்டுக்கு எப்படி நிக்கிறாங்க. அந்த அமெரிக்கக்காரருக்குப் பேச்சு புரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப அவரு அதைத்தானே பார்த்திருப்பாரு."

டங்கனைப் பற்றி நான் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் தனக்குத் தேவையான இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அதற்குமேல் எனக்கு வாதாட வழியில்லை.

படம் ஏன் இல்லை என்பதற்குத் தனியாக ஒரு வில்லன் கிடையாது. அந்தக் காலச் சுருள்கள் நைட்ரேட்டில் செய்யப்பட்டவை. தீப்பற்றும், நம்ம ஊர் வெயிலில் பிசினாகும், பொடியாகும். ஓடி முடிந்த படத்துக்கு மதிப்பில்லை என்பதால் உள்ளேயிருக்கும் வெள்ளிக்காக எடைக்குப் போட்டார்கள். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் தொடங்கிய 1964இல், தமிழின் முதல் பேசும் படங்களில் பெரும்பாலானவை போய்விட்டிருந்தன. மிஞ்சியவை ஸ்டில்களும் பாட்டுப் புத்தகங்களும்தான். சாணித்தாளில் அச்சிட்டு, தியேட்டர் வாசலில் காசுக்கு விற்ற புத்தகங்கள் வீட்டுப் பரணில் பிழைத்துக்கொண்டன. அவற்றைப் பாதுகாத்து விற்ற படங்கள் பிழைக்கவில்லை.

டங்கன் திரும்பி வந்த பிறகும் இந்தியாவை விட்டுவிடவில்லை. ஹாலிவுட் ஆட்கள் யானையும் புலியும் தேடி இந்தியாவுக்குப் போனபோது வழிகாட்டியாகப் போனார். பிறகு வீலிங்கில் ஆவணப்படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். 1994இல் சென்னை போனபோது திரைத்துறை அவரைக் கொண்டாடியது. 2001இல் தன் வரலாற்றைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். அவர் பிறந்த பார்ட்டன், வீலிங்குக்கு எதிர்க்கரையில், ஓஹையோ பக்கம் இருக்கிறது. பெல்மாண்ட் மாவட்டம், நிலக்கரி பூமி.

போன அக்டோபரில் கோயிலுக்குப் போகும் வழியில் அண்ணன்தான் அங்கே போகலாம் என்றார். செயின்ட் கிளேர்ஸ்வில் பக்கம் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி வடக்கே திரும்பினோம். இலை பழுத்திருந்தது. பார்ட்டனில் டங்கன் பெயரில் ஏதாவது பலகை இருக்குமா என்று நான் தேடிக்கொண்டு வந்தேன். அண்ணன் வழியிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஒரு சரிவில், ஒரே அளவில், ஒரே கூரைச் சாய்வில், சின்னச் சின்ன மரவீடுகள் ஒட்டினாற்போல வரிசையாக இருந்தன. இந்தப் பக்கத்துச் சுரங்க ஊர்களில் கம்பெனியே தொழிலாளிகளுக்கு வீடு கட்டி, கம்பெனியே கடை வைத்து, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இருந்ததென்று நான் படித்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் இறங்கிப்போய், சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து ஒரு படம் எடுத்தார். மேலே பனிமூட்டம், கீழே பச்சைச் சரிவு, நடுவில் வீடுகள். ஹட்டனில் இருக்கும் தன் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார், ஒன்றும் எழுதாமல்.

கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுதான் பதில் வந்தது. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அக்கா கேட்டிருந்தார்: "இது எந்த டிவிஷன் லயம்டா? நம்ம மேல் டிவிஷனா?"